ஜப்பான் ஏலத்துல புரோக்கர் வெச்சு பழைய கார் எடுக்கப் போறீங்களா? இத ஒருதடவ முழுசா படிச்சிட்டு இறங்குங்க

வெளிநாட்டுல இருந்து செகண்ட் ஹேண்ட் கார் இறக்கலாம்னு முடிவு பண்ணவங்க நிறைய பேர் முதல்ல பண்றது போட்டோ பாக்குறதுதான். கலர் பிடிச்சிருக்கு, கிலோமீட்டர் கம்மியா இருக்கு, உடனே ஒரு ஏஜென்ட்டுக்கு மெசேஜ் போட்டு "எல்லாம் சேத்து எவ்ளோ வரும்"னு கேக்குறாங்க. நான் சொல்றது இதுக்கு நேர் எதிர். கார் கடைசியா வந்து இறங்கப்போற போர்ட்ல இருந்து ஆரம்பிச்சு பின்னாடியே வாங்க, அதாவது முதல்ல உங்க நாட்டு கஸ்டம்ஸ், அப்புறம் மொத்தச் செலவு, அப்புறம் புரோக்கர், அதுக்கப்புறம்தான் கார். ஏன்னா புரோக்கரோட வேலை உங்களுக்காக ஏலம் கேட்டு கார கப்பல்ல ஏத்துறதோட முடிஞ்சிடுது. இறங்குற இடத்துல வண்டிய உள்ள விடுவாங்களா மாட்டாங்களாங்கறது முழுக்க உங்க தலைல வர்ற விஷயம்.

ஜப்பான பத்தி மட்டும்தான் இங்க எழுதுறேன். அங்க ஏல முறை ரொம்ப ஒழுங்கா இருக்கு, ஒவ்வொரு காருக்கும் எழுத்துல ஒரு ரிப்போர்ட் இருக்கு, அத படிக்கத் தெரிஞ்சா நேர்ல போகாமலேயே நல்ல வண்டி எடுக்கலாம். யூஎஸ்எஸ், டிஏஏ, ஜேயூ, அராய், ஹெச்ஏஏ கோபே இப்படி நிறைய ஏல நிறுவனங்கள் இருக்கு, இதுல யூஎஸ்எஸ்தான் பெருசு. இங்கெல்லாம் மெம்பரா இருக்குற டீலருங்க மட்டும்தான் ஏலம் கேக்க முடியும், வெளிநாட்டுல உக்காந்திருக்குற தனி ஆளு நேரடியா கேக்க முடியாது. புரோக்கர் தேவைப்படுறதே இதனாலதான்.

முதல்ல சட்டம்

உங்க நாட்டுல எத்தன வருஷப் பழசு வரைக்கும் விடுவாங்க? இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரியாம ஒரு காசு அனுப்பாதீங்க. நாட்டுக்கு நாடு இது தலைகீழா மாறும். கென்யாவுல எட்டு வருஷத்துக்கு மேல பழசா இருந்தா உள்ள விட மாட்டாங்க, அமெரிக்காவுல அவங்க பாதுகாப்பு தரத்துக்கு செய்யப்படாத காருன்னா 25 வருஷம் ஆகியிருந்தாத்தான் சுலபமா உள்ள விடுவாங்க, கனடாவுல அதுவே 15 வருஷம். இந்த விதிகள் திடீர்னும் மாறும். இலங்கையில 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிறுத்தினாங்க, சொந்த உபயோகக் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரிலதான். அதனால ரெண்டு வருஷம் முன்னாடி கார் எடுத்த நண்பர் சொன்னத வெச்சு முடிவு பண்ணாதீங்க, கஸ்டம்ஸோட இப்போதைய அறிவிப்ப நீங்களே படிங்க.

வயசு விதில ஒரு பொறி இருக்கு. எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும் கணக்கு பண்றாங்கன்னு பாக்கணும். சில நாட்டுல தயாரிச்ச மாசத்துல இருந்து, சில நாட்டுல முதல் ரெஜிஸ்ட்ரேஷன்ல இருந்து, முடிவு தேதியும் அப்படித்தான், கப்பல்ல ஏத்துன தேதியா போர்ட்ல இறங்குன தேதியான்னு வித்தியாசம் இருக்கு. ஜப்பான் ஏலத்துல நீங்க பாக்குற வருஷம் முதல் ரெஜிஸ்ட்ரேஷன் வருஷம். 2018 கடைசில தயாரிச்ச வண்டி 2019ல ரெஜிஸ்டர் ஆகியிருக்கலாம், உங்க நாட்டுல தயாரிப்பு தேதி கணக்குன்னா அந்த ஒரு வருஷ வித்தியாசம் மொத்தப் பணத்தையும் முழுங்கிடும். வயசு எல்லைக்கு ரெண்டு மூணு மாசம்தான் மிச்சம்னு இருக்குற வண்டிய தொடவே வேணாம், கப்பல் ஒருதடவ லேட்டானா போச்சு.

இதோட ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கணும், புகை அளவு விதி என்ன, கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே இன்ஸ்பெக்ஷன் சர்டிபிகேட் வேணுமா, இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கங்க. ஜெவிக், க்யூஐஎஸ்ஜே மாதிரி நிறுவனங்கள் ஜப்பான்லயே இந்த இன்ஸ்பெக்ஷன பண்ணித் தருவாங்க, ஆனா எந்த நிறுவனத்தோட சர்டிபிகேட்ட உங்க நாடு ஏத்துக்கும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

மொத்தம் எவ்ளோ ஆகும்

ஏலத்துல கேட்ட விலைங்கறது மொத்தச் செலவுல ஒரு துண்டுதான். அதுக்கு மேல ஏல நிறுவனத்தோட ஃபீஸ், ஏல யார்ட்ல இருந்து போர்ட்டுக்கு லாரி செலவு, ஜப்பான் ரெஜிஸ்ட்ரேஷன கேன்சல் பண்ற செலவு, புரோக்கர் கமிஷன், இதெல்லாம் சேந்தா எஃப்ஓபி விலை. அதோட கப்பல் வாடகை சேந்தா சி அண்ட் எஃப், இன்சூரன்ஸும் சேந்தா சிஐஎஃப். ஏஜென்ட் ஒரு நம்பர் சொன்னா அது இந்த மூணுல எதுன்னு கேளுங்க, ரெண்டு ஏஜென்ட்டுங்க விலைய ஒப்பிடும்போது ஒருத்தர் எஃப்ஓபி சொல்லி இன்னொருத்தர் சிஐஎஃப் சொல்லியிருந்தா முதல் ஆளு சல்லிசா தெரிவாரு, உண்மையில அப்படி இருக்காது.

அப்புறம் வரி. பல நாடுகள்ல வரி மேல வரி ஏறும். உதாரணத்துக்கு மட்டும் சொல்றேன், சிஐஎஃப் 100னு வெச்சுக்கங்க, சுங்க வரி 25 சதவீதம்னா 125 ஆச்சு, அந்த 125 மேல கலால் வரி 20 சதவீதம் போட்டா 150, அந்த 150 மேல வாட் 16 சதவீதம் போட்டா 174. 25, 20, 16 கூட்டினா 61தான வரும்னு நினைச்சவங்களுக்கு 74 வந்து நிக்கும். உங்க நாட்டோட உண்மையான சதவீதத்த போட்டு நீங்களே இந்தக் கணக்க ஒருதடவ போட்டுப் பாருங்க. இன்னொண்ணு, சில நாட்டு கஸ்டம்ஸ் உங்க இன்வாய்ஸ் விலைய பாக்கவே மாட்டாங்க, அவங்களே வெச்சிருக்குற விலைப் பட்டியல்ல இருந்து தேய்மானம் கழிச்சு வரி போடுவாங்க. "இன்வாய்ஸ கம்மியா போட்டுத் தரேன் சார், வரி மிச்சமாகும்"னு சொல்ற ஏஜென்ட் இருந்தா அந்தப் பேச்ச அங்கயே நிறுத்திடுங்க, அது குற்றம், மாட்டினா கார் கஸ்டம்ஸ் கையில, கேஸு உங்க பேர்ல.

இறங்குன பிறகு கிளியரிங் ஏஜென்ட் (கஸ்டம்ஸ் வேலைய முடிச்சுத் தர்றவர்) கூலி, போர்ட் சார்ஜ், ரெஜிஸ்ட்ரேஷன், புது டயர், பேட்டரி, எல்லா ஆயிலும் மாத்துறது இதுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்க. இவ்வளவும் கழிச்ச பிறகு மிச்சம் நிக்குறதுதான் உங்க ஏல பட்ஜெட்.

புரோக்கர எப்படி எடை போடுறது

வெப்சைட் அழகா இருக்கா, எத்தன லைக் இருக்குங்கறதெல்லாம் விட்ருங்க. ஜப்பான்ல பதிவான எந்தக் கம்பெனிக்கும் 13 இலக்க கார்ப்பரேட் நம்பர் இருக்கும், அத ஜப்பான் தேசிய வரித்துறையோட வெப்சைட்ல யார் வேணா தேடிப் பாக்கலாம். பழைய பொருள் வாங்கி விக்க அங்க போலீஸ் வழியா வாங்குற ஒரு லைசன்ஸும் வேணும், அதுக்கும் நம்பர் உண்டு. ரெண்டையும் கேளுங்க. நேர்மையான ஆளு அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடுவாரு. ஜும்வியாங்கற பழைய வாகன ஏற்றுமதியாளர் சங்கத்துல மெம்பரான்னும் பாக்கலாம், மெம்பர் பேரெல்லாம் அவங்க வெளியிடுறாங்க.

அடுத்து கமிஷன். ஒரு காருக்கு இவ்வளவுன்னு நிலையான தொகை வாங்குறவர்தான் என் சாய்ஸ். சதவீதக் கமிஷன்னா நீங்க அதிகமா கொடுத்து வாங்குனா அவருக்கு அதிகமா கிடைக்கும், அப்போ அவரோட லாபமும் உங்களோட லாபமும் எதிர் எதிர் பக்கம் நிக்குது. அதே மாதிரி ஏலத்துல எடுத்துத் தர்றதுக்கும் அவரே ஏற்கனவே வாங்கி யார்ட்ல நிறுத்தியிருக்குற ஸ்டாக் கார விக்குறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு. ஸ்டாக் கார்ல அவர் புரோக்கரே இல்ல, வியாபாரி. அவர் என்ன விலைக்கு எடுத்தாருன்னு உங்களுக்குத் தெரியாது. ஸ்டாக் கார் எடுக்கவே கூடாதுன்னு சொல்லல, அவசரமா வேணும்னா எடுக்கலாம், ஆனா அந்தக் காரோட ஒரிஜினல் ஆக்ஷன் ஷீட் (ஏல நிறுவனம் எழுதுற ரிப்போர்ட்) இல்லாம எடுக்காதீங்க.

ஒரு விஷயம் கண்டிப்பா கேளுங்க: "ஜப்பானோட 10 சதவீத கன்சம்ப்ஷன் டாக்ஸ எனக்கு போடுவீங்களா?" ஏற்றுமதி ஆகுற வண்டிக்கு அந்த வரிய ஏற்றுமதியாளர் அரசாங்கத்துக்கிட்ட இருந்து திரும்ப வாங்கிக்க முடியும். அத உங்க பில்லுலயும் சேத்தா ஏன்னு விளக்கம் கேக்க வேண்டியது உங்க உரிமை.

ஆக்ஷன் ஷீட், இதுதான் எல்லாம்

இந்த இடத்துல நிதானமா படிங்க. காரு ஏலத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஏல நிறுவனத்தோட இன்ஸ்பெக்டர் அத பாத்து ஒரு தாள்ல எல்லாத்தையும் எழுதுறாரு. எழுதுறது விக்குற ஆளு இல்ல, ஏல நிறுவனம், அதனாலதான் இந்தத் தாளுக்கு இவ்ளோ மதிப்பு. இது ஒருத்தரோட மெடிக்கல் ரிப்போர்ட் மாதிரி, முகத்தப் பாத்து சொல்ல முடியாதது எல்லாம் இதுல இருக்கும்.

மேல ஒரு மூலைல மொத்த கிரேடு இருக்கும். எஸ், 6 எல்லாம் கிட்டத்தட்ட புதுசு. 5, 4.5 ரொம்ப நல்ல நிலை. 4னா நல்லா ஓட்டின, சின்னச் சின்ன கீறல் இருக்குற வண்டி, 3.5னா கீறலும் டெண்ட்டும் கண்ணுல படும், 3க்கு கீழன்னா வேலை அதிகம். ஆரோ ஆர்ஏவோ இருந்தா ரிப்பேர் வரலாறு உண்டுன்னு அர்த்தம், 1 பல ஏல நிறுவனங்கள்ல பெரிய மாடிஃபிகேஷன் பண்ண வண்டிக்கு வரும். உள்பக்கத்துக்கு தனியா ஏ, பி, சி, டி. முதல் தடவ எடுக்குறவங்களுக்கு நான் சொல்றது வெளிய 4, உள்ள பி. 5ஐ தேடிப் போனா அந்த ஒரு கிரேடுக்கு கொடுக்குற காசுல இங்க முழு பெயிண்ட்டே பண்ணிடலாம்.

ரிப்பேர் வரலாறுங்கற வார்த்தைய நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்குறாங்க. ஜப்பான்ல அது காரோட எலும்புக்கூடு, அதாவது ஃப்ரேம், பில்லர், ஃப்ளோர் மாதிரி கட்டமைப்பு பாகம் அடிபட்டு சரிபண்ணியிருந்தாலோ மாத்தியிருந்தாலோ மட்டும்தான் வரும். போல்ட் போட்ட ஃபெண்டர், டோர், பானட் மாத்தியிருந்தா அது இந்தக் கணக்குல சேராது. அதனால கிரேடு 4 வண்டில கூட ஒரு டோர் மாத்தியிருக்கலாம், அத கண்டுபிடிக்கத்தான் கீழ இருக்குற கார் படம்.

அந்தப் படத்துல ஒவ்வொரு பேனல் மேலயும் எழுத்தும் நம்பரும் இருக்கும். ஏ கீறல், யூ டெண்ட், பி (B) கீறலோட சேந்த டெண்ட், டபிள்யூ ஏற்கனவே தட்டி பெயிண்ட் அடிச்ச அலை, எஸ் துரு, சி அரிச்சுப்போன துரு, பி (P) பெயிண்ட் பிரச்சினை, ஒய் விரிசல். நம்பர் பெருசாக பெருசாக சேதமும் பெருசு, ஏ1 கிட்டப் போய் பாத்தாத்தான் தெரியும், யூ3 தூரத்துல இருந்தே தெரியும். எக்ஸ்னா மாத்தணும், எக்ஸ்எக்ஸ்னா ஏற்கனவே மாத்தியாச்சு. நான் ஏ, யூவப் பத்தி பெருசா கவலப்பட மாட்டேன். எஸ், சி ரெண்டும் கண்ணுல பட்டா மட்டும் நிப்பேன், துரு உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். ஹொக்கைடோ மாதிரி பனி பெய்யுற பகுதில ரோட்டுல உப்பு போடுவாங்க, அங்க ஓடுன வண்டியோட அடிப்பகுதிய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி கேளுங்க. ஷீட்ல கையால எழுதியிருக்குற ஜப்பானிய குறிப்புலயும் அடிப்பக்கத் துரு, சிகரெட் சுட்ட ஓட்டை, இன்ஜின் சத்தம், ஆயில் கசிவு இதெல்லாம் இருக்கும். "நல்ல வண்டிதான் சார்"னு ஒரு வரில முடிக்குற ஏஜென்ட்கிட்ட வரிக்கு வரி மொழிபெயர்ப்பு கேளுங்க.

கிலோமீட்டர் நம்பருக்கு பக்கத்துல நட்சத்திரமோ டாலர் குறியோ வேற ஏதாவது குறியோ இருந்தா அது சும்மா இல்ல, மீட்டர் மாத்தினது, உண்மையான ஓட்டம் தெரியாதது மாதிரி விஷயத்த சொல்ற குறி. வருஷம் ஜப்பானிய கணக்குல இருக்கும்: ஹெய்செய் வருஷத்தோட 1988ஐ கூட்டுங்க, ரெய்வா வருஷத்தோட 2018ஐ கூட்டுங்க. ஹெய்செய் 30 அப்படின்னா 2018, ரெய்வா 3 அப்படின்னா 2021.

ஷீட்டையே திருத்தி அனுப்புறவங்களும் இருக்காங்க. அதனால ஜப்பான் ஏலப் பதிவுகள சேஸிஸ் நம்பர் வெச்சு சரிபாத்துத் தர்ற தனி சேவைல ஒருதடவ செக் பண்ணுங்க, அந்தச் செலவு காரோட விலைக்கு முன்னாடி தூசு. ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு 17 இலக்க விஐஎன் (மத்த நாட்டு வண்டிங்கள்ல வர்ற அடையாள எண்) இருக்காது, மாடல் கோட் (code), ஒரு ஹைஃபன் (-), அப்புறம் வரிசை எண், அவ்ளோதான். நம்பர் குறையுதேன்னு பயப்பட வேணாம்.

ஏலம் கேக்குற நாள்

ஏலத்துல ஒரு கார் சில நொடில முடிஞ்சிடும், அந்த நேரத்துல உங்ககிட்ட போன் பண்ணி கேக்க முடியாது. அதனால உச்சபட்ச விலைய முன்னாடியே எழுத்துல கொடுக்கணும், யென்ல, எந்தக் கார், எந்த ஏலம், எந்த லாட் நம்பர் (ஏலத்துல அந்தக் காருக்கு கொடுத்த எண்)னு தெளிவா. வாய்ல சொல்லாதீங்க. அந்த உச்ச விலைய முடிவு பண்ண, அதே மாடல், அதே வருஷம், அதே கிரேடு கார் கடைசி மூணு மாசத்துல என்ன விலைக்குப் போச்சுன்னு ஏஜென்ட்கிட்ட ரிசல்ட் கேளுங்க, அவங்க சிஸ்டத்துல இருக்கும். முதல் ரெண்டு மூணு தடவ தோக்குறது சகஜம். தோத்த கோவத்துல அடுத்த தடவ விலைய ஏத்தாதீங்க, அடுத்த வாரமும் அதே மாடல் வரும்.

ஜெயிச்சிட்டா அப்புறம் மனசு மாத்த முடியாது, கேன்சல் பண்ணா ஏஜென்ட்கிட்ட முன்னாடியே கட்டுன டெபாசிட் போயிடும். ஆனா ஷீட்ல இல்லாத பெரிய குறை இருந்தா ஏல நிறுவனத்துக்கிட்ட புகார் சொல்ல சில நாள் அவகாசம் இருக்கு. அதுக்குள்ள ஏஜென்ட் வண்டிய நேர்ல பாத்து போட்டோ, வீடியோ அனுப்பணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. ஹைபிரிட்னா பேட்டரி ஸ்கேன் ரிப்போர்ட்டும் சேத்துக் கேளுங்க.

காசு அனுப்பும்போது

பேங்க் டிரான்ஸ்ஃபர் மட்டும், கம்பெனி பேர்ல இருக்குற ஜப்பான் அக்கவுண்ட்டுக்கு மட்டும். தனி ஆளு பேர், வேற நாட்டு அக்கவுண்ட், ரெண்டும் வேணாம். இப்போ நிறைய நடக்குற மோசடி என்னன்னா ஏஜென்ட்டோட ஈமெயில ஹேக் பண்ணிட்டு "எங்க பேங்க் மாறிடுச்சு, புது அக்கவுண்ட்டுக்கு அனுப்புங்க"னு அதே இன்வாய்ஸ் டிசைன்ல அனுப்புறது. அக்கவுண்ட் நம்பர் மாறினா, உங்ககிட்ட முன்னாடியே இருக்குற போன் நம்பருக்கு கூப்பிட்டு குரல்ல உறுதி பண்ணிட்டு அப்புறம் அனுப்புங்க. அந்த மெயில்ல இருக்குற நம்பருக்கு கூப்பிடாதீங்க.

கப்பல், பேப்பர், போர்ட்

ரோரோ கப்பல்னா கார ஓட்டிக்கிட்டே உள்ள ஏத்துவாங்க, பொதுவா செலவு கம்மி, வண்டி ஓடுற நிலைல இருக்கணும், உள்ள எந்தப் பொருளும் வெக்க விடமாட்டாங்க. கன்டெய்னர்ல பாதுகாப்பு அதிகம், ரெண்டு மூணு பேர் சேந்து எடுத்தா செலவையும் பங்கு போடலாம். இன்சூரன்ஸ் கப்பலோட முழு நஷ்டத்துக்கு மட்டுமா இல்ல வழில அடிபட்டாலும் வருமான்னு பாலிசில பாருங்க. கழுவி சுத்தம் பண்ணி ஏத்துறத லேசா நினைக்காதீங்க, 2018ல ஜப்பான்ல இருந்து கார் ஏத்திட்டுப் போன கப்பல்கள நியூசிலாந்து திருப்பி அனுப்பிச்சு, காரணம் உள்ள இருந்த ஒரு வகை நாத்தப் பூச்சி.

உங்க கைக்கு வர வேண்டிய பேப்பர்: பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தர்ற சரக்கு ரசீது), ஜப்பான் ரெஜிஸ்ட்ரேஷன் கேன்சல் ஆன எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்டும் அதோட மொழிபெயர்ப்பும், இன்வாய்ஸ், தேவைன்னா இன்ஸ்பெக்ஷன் சர்டிபிகேட். பில் ஆஃப் லேடிங் யார் கைல இருக்கோ கார் அவங்க கைல, அதனால ஒரிஜினல் அச்சாகுறதுக்கு முன்னாடியே டிராஃப்ட் வாங்கி உங்க பேர், சேஸிஸ் நம்பர், போர்ட் பேர் எழுத்து பிசகாம இருக்கான்னு பாருங்க. கப்பல் கிளம்புன பிறகு ஒரு எழுத்து திருத்தவும் காசும் நாளும் ஆகும். கூரியர் நம்பர் வாங்கிக்கங்க. கப்பல் வந்து பேப்பர் வரலன்னா போர்ட்ல இலவச நாள் முடிஞ்சதும் தினமும் வாடகை ஓடும்.

கிளியரிங் ஏஜென்ட்ட நீங்களே தனியா பிடிங்க, கப்பல் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பேப்பர் காப்பி அவர் கைல இருக்கணும். வண்டி கைக்கு வந்ததும் போர்ட்ட விட்டு வெளிய எடுக்குறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ, சாவி எத்தன, ஸ்பேர் வீல், ஜாக்கி, நேவிகேஷன் எஸ்டி கார்டு இருக்கான்னு ஆக்ஷன் ஷீட்ட கைல வெச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா பாருங்க. புது டேமேஜ் இருந்தா அங்கயே எழுத்துல பதிவு பண்ணாத்தான் இன்சூரன்ஸ் கேக்க முடியும்.

ஓட்ட ஆரம்பிச்ச பிறகு ரெண்டு விஷயம் புதுசா இருக்கும். நேவிகேஷன் ஜப்பானிய மொழில இருக்கும், ரேடியோல உங்க ஊர் ஸ்டேஷன் பாதி வராது, ஏன்னா ஜப்பான் எஃப்எம் 76ல இருந்து 95 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், மத்த நாடுகள்ல பெரும்பாலும் 88ல இருந்து 108. பேண்ட் எக்ஸ்பேண்டர்னு சின்ன சாமான் போட்டா ஓரளவு சரியாகும், இல்லன்னா ஹெட் யூனிட்டையே மாத்திடலாம். அதுக்கு முன்னாடி சேஸிஸ் நம்பர தயாரிப்பாளரோட ஜப்பான் வெப்சைட்ல போட்டு ரீகால் (குறை இருக்குற பாகத்த கம்பெனியே திரும்பக் கூப்பிட்டு சரிபண்றது) பாக்கி இருக்கான்னு பாத்துடுங்க, குறிப்பா டகாட்டா ஏர்பேக் ரீகால். நீங்களும் குடும்பமும் உக்காரப்போற வண்டி, அது பாக்கின்னு காட்டுச்சுன்னா வேற எந்த வேலைக்கும் முன்னாடி அத மாத்துங்க.